பதினான்காம் தேதி வரை ரத்து செய்யலாம்

கோர்தோபாவில் மூன்று இரவு போதுமா
நான்கு வேண்டுமா என்கிறாள் பூங்கோதை,
ஆற்காடு சாலையைக் குடையும்
மெட்ரோ இயந்திரத்துக்கு மேல் குரலை உயர்த்தி.

ஆற்றுப் பாலம் நடக்கிற தூரம்தான்.
இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது
(இங்கு மட்டும் என்ன வாழ்கிறதாம்).
தங்கி வந்த யாரோ எழுதியிருக்கிறார்:
ஜூலையில் போய்விடாதீர்கள்,
வெயில் நாற்பத்திரண்டு,
மதியம் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும்.
கரண்ட் போன சமையலறையில்
அதை வாசித்துக் காட்டினேன்.
சிரித்த சிரிப்பில்
பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

பெரியவர்கள்: இரண்டு.
குழந்தைகள்: பூஜ்யம்.
பக்கத்திலேயே ஒரு கூட்டல் குறி.
அவள் பார்ப்பதற்குள்
திரையைத் தள்ளிவிட்டேன்.
பார்த்துவிட்டாள்.

விசாவுக்கு வங்கிக் கணக்கு விவரம் கேட்கிறார்கள்.
சேத்துப்பட்டு மருத்துவமனையின் பெயர்
அதில் மூன்று முறை வருகிறது.
நான்காவதற்கென்று ஒதுக்கியது
அப்படியே நிற்கிறது, கடைசி வரியில்.
யாராவது கேட்டால்
காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்றாள்.
மூன்று காய்ச்சலா?
மூன்று போதும்.
இரவுகளைத்தான் சொன்னாளா என்று
நான் கேட்கவில்லை.
மூன்றை அழுத்தினேன்.

கட்டணமின்றி ரத்து செய்யலாம்,
பதினான்காம் தேதி நள்ளிரவு வரை.

அன்றைக்குப் பார்த்துத்தான்
பதினொன்றே முக்காலுக்குத் தண்ணீர் லாரி.
சம்ப் மூடியைத் தூக்கி
டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன்.
மேலேயிருந்து எட்டிப் பார்க்கிறாள்:
பன்னிரண்டு தாண்டிடுச்சா?
தண்ணீர் இரைச்சலில்
தலையை மட்டும் ஆட்டினேன்.
கொஞ்சநேரம் அங்கேயே நின்றாள்.
பிறகு,
குடை ரெண்டு எடுத்துக்கணும், என்றாள்.