வியாழக்கிழமை என் முறை

ஸ்தூர்நெஸ் ஜெபவீட்டில் வியாழன்தோறும்
யாராவது ஒருவர் வேதம் வாசிக்க வேண்டும்.
பட்டியல் காபிக் கெண்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறது.
ஜனவரி மூன்றாவது வியாழன்: எய்லெர்ட், படகு மெக்கானிக்.
நான்தான்.

தயாராகவில்லை.
நேரமில்லை என்று சொல்லலாம்,
காட் மீன் கரைக்கு வந்திறங்கிய வாரம்.
ஆனால் அதே வாரத்தில்தான்
புது டீசல் இன்ஜினின் முந்நூறு பக்கக் கையேட்டை
இரண்டு முறை படித்தேன்,
ஜெர்மன் மொழியில், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு.
எந்தத் திருகுக்கு எவ்வளவு முறுக்கு என்று
நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நாங்கள் வாசிப்பது வழக்கமாய் மூன்றே இடம்.
தொலைந்த ஆடு. திரும்பி வந்த மகன்.
புயல் அடங்கியது.
புயல் வந்தால் மட்டும் படகுக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள்.
அப்புறம் ஆமென்,
அப்புறம் வாஃபிள், பழுப்புப் பாலாடைக்கட்டி,
டீசல் விலை.

அன்று, கொஞ்சம் பெருமைக்காக என்றே வைத்துக்கொள்ளுங்கள்,
மேடையில் இருக்கும் பெரிய புத்தகத்தைத் திறந்தேன்.
வெள்ளிக் கொக்கி. கன்றுத்தோல்.
ஊரே காசு சேர்த்து வாங்கியதாம், நூற்றுப் பத்து வருடம் முன்பு.
கைபோன இடத்தில் பிரித்தேன்.
பிரியவில்லை.

அச்சகத்தில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது.
மேல் ஓரம் வெட்டப்படவே இல்லை.
எட்டெட்டுப் பக்கமாய்
நான்கு தீர்க்கதரிசிகள் உள்ளே,
எங்கள் ஞானஸ்நானங்களுக்கும் கல்யாணங்களுக்கும் சாவுகளுக்கும்
பக்கத்திலேயே, இருட்டில்.

நுனிப்புல் மேய்ந்தோம் என்பார்களே,
இங்கே வாயைக்கூட வைக்கவில்லை.

யோருன் எழுந்து வந்தான்.
பதினொரு வயது. பள்ளி விட்டதும் துறைமுகத்தில்
மீன் நாக்கு வெட்டிக் காசு பார்க்கிறவன்.
கத்தியை நீட்டினான்.
காற்சட்டையில் துடைத்துவிட்டுத்தான் தந்தான்,
வாடை போகவில்லை.

சர்ரென்று ஒரு மடிப்பு.
தூசிகூட இல்லை உள்ளே. புதுக் காகிதம்.
வாசித்தேன்.
எவனோ கோபமாக இருந்தான்.
வாயில் நுழையாத ஊர்ப் பெயர்கள்,
பிறகு தராசு, பிறகு மறுபடியும் தராசு.
மீன் எடை போடும் ஹால்வார்ட்
தன் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

முடித்தேன். ஆமென் வரவில்லை.
போர்கில்ட் வாஃபிள் இரும்பைப் பிடித்தபடியே கேட்டாள்:
"அவனுக்கு யார் மேல் கோபம்?"

ஒருவருக்கும் தெரியவில்லை.
ஐம்பது வருட விசுவாசி தோர்லெய்வ் கனைத்தார்:
"ஆவியானவர் ஏற்ற வேளையில் விளக்குவார்."
நல்ல வாக்கியம்.
நானும் பல தடவை அதன் மேல் சாய்ந்து தூங்கியிருக்கிறேன்.
வாஃபிள் கருகியது.
போர்கில்ட் மூடியைத் திறக்காமலே நின்றாள்,
பதில் வரட்டும் என்று.

புத்தகத்தைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
ஏழு வரி. கண் செருகுகிறது.
பற்சக்கர வரைபடத்துக்கு விடியும்வரை விழித்த கண்.

இன்ஜின் நின்றால் ஆள் சாவான்;
அதனால் படித்தேன்.
இது நின்றால் யாரும் சாவதில்லை என்று
ரொம்ப காலமாய் நம்பியிருக்கிறேன் போல.
யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை.
அதைப் படிக்காமலே கற்றுக்கொண்டேன்.

எட்டாவது வரியில் என் கட்டைவிரலின் கிரீஸ் கறை.
அகராதியை எடுத்து வந்தேன், இந்த முறை எங்கள் மொழிக்கே.
மணி இரண்டே கால். வெளியே காற்று திசை மாறுகிறது.

இன்னும் ஆறு மடிப்பு பாக்கி.
பையனின் கத்தி என்னிடமே தங்கிவிட்டது.
காலையில் கேட்டு வருவான்,
வேலை இருக்கிறது அவனுக்கு.