உரசிட்டுப் போச்சு

ஷெபாய்கனில் ஏரி உறைந்த வாரம்,
இரும்புக் கால் நான்கையும் கழற்றிவிட்டு
நிலவறைக்குப் பதினோரு படி இறக்கினோம்.
லோவல் டெஷ் கீழே, நான் மேலே.
ஏழாம் படியில் அவன் முழங்கால் சத்தம் போட்டது.
உடைந்தது இயந்திரமோ என்றுதான்
முதலில் பயந்தேன். அவனுக்கும் அது தெரியும்.

க்ரானின் மதுக்கடையில்
கழிவறைக் கதவை ஒட்டி நின்ற அதே பின்பால்.
பின்கண்ணாடியில் மூன்று நீச்சல்காரிகள்;
நடுவில் இருப்பவளுக்கு மூக்கு உதிர்ந்திருக்கிறது.
கடையை மூடியபோது இருநூறு டாலர் கேட்டார்கள்.
எலிக்கூடு இலவசம்.

பிப்ரவரி முழுக்க ரிலேக்கள்.
வரைபடத்தில் மஞ்சள் என்று போட்ட வயர்
பெட்டிக்குள் புகையிலை நிறத்தில் கிடக்கிறது.
ஆயிரத்தின் சக்கரம் ஏழிலிருந்து எட்டுக்குப் போக
எண்ணெய் கேட்கவில்லை,
ஒட்டிக்கிடந்த பழைய எண்ணெயைத்
துடைத்துவிடச் சொன்னது.

எனக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு பந்தயம்:
பனிக்கால டயர் நான்கு.
ஐந்தாவது பந்து. சிவப்புப் பலகையில் விளக்கு எரிகிறது.
அடித்தேன். பந்து பட்டதை
மணிக்கட்டில் உணர்ந்தேன்.
இலவச ஆட்டத்துக்கான அந்த ‘டக்’ மட்டும் வரவில்லை.

“உரசிட்டுப் போச்சு” என்றான் லோவல்.
கிளாஸைத் துடைத்துக்கொண்டே ஆர்வில் க்ரானும்
“உரசல்தான்” என்றார்.
கடை முழுக்கத் தலையாட்டியது.

அதிலிருந்து எல்லாமே அதுதான்.
நான் தவறவிட்ட மான் உரசிட்டுப் போச்சு.
பதினோரு ஓட்டில் தோற்ற தொழிற்சங்கத் தேர்தல் உரசிட்டுப் போச்சு.
நுரையீரல் படத்தில் தெரிந்த நிழல்
ஒன்றுமில்லை என்று ஆனபோது,
மருத்துவமனையின் வண்டி நிறுத்தத்தில்
என் தோளைப் பிடித்துக்கொண்டு
அதையேதான் சொன்னான்,
குரல் மட்டும் சரியாக வரவில்லை.

மார்ச் இரண்டாம் செவ்வாய்.
ஆடுபலகையைத் தூக்கிக் குச்சி முட்டுக் கொடுத்திருக்கிறோம்.
டார்ச் அவன் கையில்.
சிவப்புப் பலகையின் முதுகில்
ஒன்றை ஒன்று தொட வேண்டிய இரண்டு தகடுகள்,
நடுவில் நகத்தின் அகலத்துக்கு ஓர் அட்டைத் துண்டு.
இடுக்கியால் உருவினேன்.
க்ரானின் முகவரி அட்டை:
தொலைபேசி எண்ணில் மூன்று இலக்கம்,
‘வெள்ளிக்கிழமை மீன் வறு’ வரைக்கும்.

டார்ச் கொஞ்சம் ஆடியது.

“தகட்டைச் சுத்தம் பண்ணினவன்
மறந்து விட்டிருப்பான்” என்றான்.
மறுக்க முடியவில்லை.
என் கையிலும் அப்போது ஓர் அட்டை,
பல் டாக்டருடையது,
அதைவைத்துத்தான் காலையிலிருந்து
ஒவ்வொரு தகடாகத் துடைத்துவருகிறேன்.
க்ரானைக் கேட்கலாமென்றால்
அவரைப் புதைத்து ஆறு வருடம்.

விரலால் பலகையை அழுத்தினேன்.
டக்!
மரம் அதிர்ந்தது.
மேலே இருந்து ஆர்லிஸ்,
“இப்ப எதை உடைச்சீங்க?”

சனிக்கிழமை விடிந்தால் வாசலில் நான்கு டயர்.
இரண்டு ஒரு கம்பெனி, இரண்டு வேறு,
நான்கும் வழுக்கை.
என் வண்டிக்கு அந்த அளவே சேராது.
இயந்திரத்துக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

காசுத் துவாரத்தை எடுத்துவிட்டு
பொத்தானைத் தட்டினால் ஓடும்படி மாற்றலாம் என்றேன்.
ஒரே ஒரு வயர், கால் மணி நேர வேலை.
“இலவசமா ஆடினா
இலவச ஆட்டம் ஜெயிச்சு என்னடா பண்ண?” என்றான்.
அதனால் காபி டப்பா நிறைய
கால் டாலர் நாணயங்கள்.
போடுவதும் நாங்களே, திறந்து எடுப்பதும் நாங்களே.

நேற்று அவன் முறை.
மூன்றாம் பந்திலேயே விளக்கு எரிந்துவிட்டது.
இடது கையால் லேசாக இடித்து,
டில்ட் ஆகாத அளவுக்கு மட்டும் இடித்து,
அடித்தான்.

டக்!
கிரெடிட் சக்கரம் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு நகர்ந்தது.
நீச்சல்காரிகள் மூவர் மேலும் வெளிச்சம்.

பியரை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னேன்:
“உரசிட்டுப் போச்சு.”

திரும்பிப் பார்க்கவில்லை அவன்.
காது மட்டும் சிவந்தது.
பந்து இன்னும் மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது.