கூடுதல் வேலை

குறும்பனையில் பெர்னதெத்தம்மா வீட்டில்
ஒரு சுவிட்ச் மாற்றப் போனேன்.
உப்புக்காற்று தின்ற பெட்டியைத் திறந்து
"வயரெல்லாம் போச்சு" என்றேன்,
டாக்டர் குரலில்.

மாடிக்கு ஸ்பாட் லைட்,
மாதா கெபிக்கு நிறம் மாறும் சீரியல்,
கேட்டுக்கு, ஆளைக் கண்டதும் எரியும் விளக்கு.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்;
மகன் தோகாவிலிருந்து
வீடியோவில் பார்ப்பானாம்.

முதலில் சொல்லியிருக்க வேண்டியதைக்
கடைசியில் சொன்னேன்:
எர்த்து குழியே இல்லை, தோண்டணும்,
ஆறாயிரம்.
டாக்டர் குரல் அப்போது வரவில்லை.

"மண்ணுக்குள்ள போறதுக்கா?
பைசா பிடுங்காதேயும், கேட்டீரா" என்று சிரித்தார்.
நானும் சிரித்தேன். பில் போட்டேன்.

இரவு, திங்கள்சந்தை தாண்டும்போது
இடியோடு மழை.
வண்டியை ஓரங்கட்டினேன்.

அந்தப் பச்சை வயர்
சுவரோரம், தரைக்கு ஒரு சாண் மேலே
எதையும் தொடாமல்
ஆடிக்கொண்டிருக்கும்.