ஐந்து புள்ளி ஒன்று

கண்ணாடிப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன், தால்காவில்.
சிரிக்காதீர்கள்.
அலமாரிக்கு அலமாரி
மீன்பிடி நரம்பு இழுத்துக் கட்டியிருக்கிறது.
ஒன்று வாங்க வருகிறவர்
நான் முடிச்சை அவிழ்க்கும்வரை நிற்க வேண்டும்.
அவசரக்காரர்களுக்கு
எதிரே பிளாஸ்டிக் கடை இருக்கிறது.

சிலேயில் எங்களுக்கு இரண்டு சொற்கள்.
முதலாவது நடுக்கம்.
அது வந்தால் பேச்சை நிறுத்திக்
கையிலிருக்கும் தேநீரைப் பார்ப்போம்.
தளும்பாவிட்டால்
விட்ட இடத்திலிருந்து பேசுவோம்.
இரண்டாவது சொல்லை
ஆண்டைச் சேர்க்காமல் யாரும் சொல்வதில்லை.
அது பலருக்குத் திதி.

மாடியில் குடியிருக்கும் அபரீசியோ உருகுவேக்காரன்.
அவன் ஊரில் தரை எப்போதும் தரையாகவே இருக்குமாம்.
வந்த மூன்றாம் நாள்
தலையில் சோப்பு நுரையோடு
இடுப்பில் என் மேசைவிரிப்போடு
தெருவில் நின்றான்.
ரொட்டி வாங்கப் போன பெண்கள்
காலை வணக்கம் சொல்லிக் கடந்தார்கள்.
இப்போது அவனும் கட்டிலடியில்
செருப்பு வைத்துத் தூங்குகிறான்.
"நான்கு புள்ளி ஆறு" என்கிறான்
படியில் இறங்கிக்கொண்டே.
அரைப் புள்ளி தவறுகிறது. பழகிவிடும்.

எங்கோ சில ஊர்களில்
மண்ணைப் போல் பொறுத்துப் போ என்று
கல்யாணப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்புவார்களாம்.
இங்கே அப்படிச் சொன்னால்
மாப்பிள்ளை வீட்டார்
மெல்லக் கதவோரம் நகர்ந்துவிடுவார்கள்.

ருபெலிந்தோவிடம் நான் எதையும் பொறுக்கவில்லை.
அவனும்தான்.
அந்தப் பிப்ரவரி இரவில்
எங்கள் கட்டிலுக்கும் தெருவுக்கும் நடுவே இருந்த
மண்செங்கல் சுவர் இல்லாமல் போனபோது
நிலைக்கு அடியில் ஒருவரையொருவர்
எலும்பு வலிக்கப் பற்றிக்கொண்டு நின்றோம்.
பிறகு பதினான்கு மாதம்
தகரமும் பலகையுமான ஒற்றை அறை.
அங்கேதான் உடைந்தது,
பூமி ஆடாமல் அசையாமல் இருந்த
ஒரு செவ்வாய்க்கிழமை மதியம்,
உப்பு யார் வாங்கி வருவது என்பதில்.

இப்போது அவன் கூரிகோவில்
தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறான்.
ஆறுக்கு மேல் போனால் மட்டும் கூப்பிடுவான்.
"உடைந்ததா, நோல்ஃபா?"
"இரண்டு தட்டு."
"தண்ணீர் பிடித்து வைத்தாயா?"
"வைத்தேன்."
வைத்துவிடுவான்.
ஒன்பது ஆண்டில் ஏழு அழைப்பு.

போன குளிர்காலத்திலிருந்து
பூமிக்கு என்ன வந்ததோ தெரியவில்லை,
நாலு, நாலரை, நாலே முக்கால்
என்று சில்லறையாகவே கொடுக்கிறது.
தொலைபேசி மேசைமேல் அரை அங்குலம் நகரும்.
அவ்வளவுதான், ஒலிக்காது.
சொல்ல வெட்கமாக இருக்கிறது.
சில இரவுகளில்
கொஞ்சம் பெரிதாக ஒன்று வரட்டுமே என்று நினைத்திருக்கிறேன்.
கடல் எழும்பாமல்,
யாருக்கும் நகம் பெயராமல்,
ஆறு புள்ளி பூஜ்யம் போதும்.
அடுத்த தெரு அதெலைடாவின் இரண்டு பிள்ளைகளும்
எந்தச் சுவருக்கு அடியில் கிடந்தார்கள் என்று தெரிந்தவள்
நினைக்கக் கூடாத நினைப்பு.

நேற்று இரவு வந்தது.
முதலில் நாய்கள்.
பிறகு கடையிலிருந்த நரம்புகள் எல்லாம் சேர்ந்து
ஒரே சுருதியில் முனகின.
பிறகுதான் தரை.
குடங்கள், கோப்பைகள், ஜாடிகள்
முடிச்சுக்குள் தோளோடு தோள் உரசி
அப்படியே அடங்கின.
ஒன்றுகூட உடையவில்லை.
வானொலி சொன்னது, ஐந்து புள்ளி ஒன்று.

நானே கூப்பிட்டேன்.
"இங்கே பலமாக இருந்தது" என்றேன்.
"ஐந்து புள்ளி ஒன்று என்கிறார்களே?"
"வானொலிக்காரன் என் சமையலறையிலா இருந்தான்?"
அவன் பக்கம்
நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம்.
உட்கார்ந்துவிட்டான்.
"விளக்கு இன்னும் ஆடுகிறதா?"

அண்ணாந்து பார்த்தேன்.
தூக்குக் குண்டு கட்டியதுபோல்
நேராக நின்றிருந்தது.
"ஆடுகிறது" என்றேன்,
துடைப்பக் கட்டையை எட்டி எடுத்தபடி.