தடைக்கால அரிசி

தை அறுப்பு முடிந்து ஆர்.எஸ். மங்கலத்திலிருந்து
நாற்பத்திரண்டு சிப்பம் வாங்கி அடுக்கினோம்.
படகு கரையில் கிடக்கும் அறுபத்தொரு நாளுக்கு,
காரங்காட்டில் பதினெட்டு வீட்டு உலைக்கு.
கணக்கு நோட்டு என் கையில்.

பங்குனியில் மூட்டையில் காது வைத்தால்
உள்ளே யாரோ பல் நறநறப்பது கேட்டது.
சாக்கைத் தொட்டால் சூடு,
காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி.
கூன்வண்டு.
அரிசிக்குள்ளேயே முட்டை, அரிசிக்குள்ளேயே புழு,
பிறந்த வீட்டைத் தின்று வாசல் வெட்டி
மூக்கை நீட்டிக்கொண்டு வெளியே வரும்.

மாத்திரை வைத்து மூடுங்கள் என்றார் தொண்டிக் கடைக்காரர்.
தார்ப்பாய், ஒரு வாரப் பூட்டு.
உப்புக்காற்று அரித்த எங்கள் தகரத்தில்
பகலிலேயே நட்சத்திரம் தெரியும்.
சுவருக்கு அந்தப் பக்கம் வலைக்கொட்டகை.
அங்கே மிக்கேலம்மாளின் மகள்
இருபது நாள் பிள்ளையோடு படுத்திருக்கிறாள்.
விஷவாயு சுவர் பார்த்தா நிற்கும்?

"குளவி விடலாமாம்" என்றாள் ஜெனோவா,
மதுரைக்குப் போன் பேசிவிட்டு வந்து.
"அடியே, இருக்கிற வண்டு போதாதா?" என்றாள் பிரகாசி.
கை தூக்கச் சொன்னோம்.
பத்துக்கு எட்டு.
அந்த எட்டில் ஒரு கை என்னுடையது.

பேருந்தில் வந்தது பொட்டலம்.
உள்ளே என்ன என்று கேட்ட கண்டக்டர்
பதிலைக் கேட்டதும் லக்கேஜ் போடாமலே
முன்படிக்குப் போய்விட்டாராம்.
சுண்டுவிரல் நீளக் குப்பி நான்கு,
குப்பிக்கு ஐம்பது.
கூரையில் மண்கூடு கட்டுமே, அந்தக் குளவி இல்லை.
எள்ளைக் கிள்ளி
ஒரு துண்டுக்கு இறகு ஒட்டியது போல.
மூடியைத் திறந்தேன். கொட்டவில்லை.
என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

அரிசி மேல் நடந்தது ஒன்று,
உணர்கொம்பால் தட்டித் தட்டி,
சந்தையில் பானை வாங்குகிறவள் போல.
வெற்று அரிசியைத் தாண்டியது.
ஆள் குடியிருக்கும் அரிசியில் நின்றது.
வால்முனை ஊசியை இறக்கியது.
முடியைவிட மெல்லிய ஊசி,
அவ்வளவு கெட்டியில் எப்படிப் போனதோ.

புழு உடனே சாவதில்லையாம்,
அசைவு மட்டும் நின்றுவிடுமாம்.
அதன்மேல் ஒரே ஒரு முட்டை.
பொரிந்து வருவது அதைத் தின்று வளரும்.
கூட வந்த தாளில் இப்படியும் இருந்தது:
கொழுத்த புழு கிடைத்தால் மகள் முட்டை,
நோஞ்சான் என்றால் மகன் முட்டை,
தாயே பார்த்து இடுவாள்.
ஜெனோவா இரண்டு தடவை வாசித்தாள்.
நாலு பெண்ணைப் பெற்ற பிரகாசி
மூன்றாம் தடவை வாசிக்கச் சொன்னாள்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.
வண்டைக் கட்டைவிரலால் நசுக்குகிறவள்தான் நான்.
ஆனால் அசையாமல், உயிரோடு —
ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில்
என் அப்பா அப்படித்தான் கிடந்தார், மூன்று மாதம்.

நோட்டில் குளவியை எங்கே எழுதுவது?
உருப்படி இருநூறு, விலை இல்லை.
வரவா, செலவா?
பென்சிலால் ஓரத்தில் குறித்து வைத்தேன்,
இன்னும் மையால் எழுதவில்லை.

சித்திரை கடைசியில் மூட்டை குளிர்ந்தது.
காது வைத்தேன்.
பக்கத்துக் கொட்டகையில் பிள்ளை அழுவது மட்டும்.
குளவிகள் வெளிச்சம் தேடி ஜன்னலுக்கு வந்திருந்தன.
தின்ன வண்டு இல்லை, அரிசி அவற்றுக்கு உணவில்லை.
மரச்சட்டத்தில் மிளகுத்தூள் சிந்தியது போல் கிடந்தன.
ஊதித் தள்ளப் போன பிரகாசி
என்ன நினைத்தாளோ,
முந்தானை நுனியால் துடைத்து எடுத்தாள்.

ஆனி முதல் நாள் படகு இறங்கியது.
மீதி இரண்டரை மூட்டை.
அரிசி களைகையில் சிலது மிதக்கிறது.
ஓட்டை பெரிதாக, பிய்ந்து இருந்தால்
வண்டு போன வழி.
ஊசி குத்தியது போல் சின்ன வட்டமானால்
மற்றது போன வழி.
பிரித்துப் பார்க்க வந்துவிட்டது எனக்கு,
யாரும் கேட்பதில்லை என்றாலும்.
சாய்த்து ஊற்றுமுன் ஒரு நொடி பார்க்கிறேன்.

கோழி இரண்டையும் கொத்துகிறது.