இருபத்தாறு கிலோ

ஏலத்தில் எடுத்த பழைய ஆம்புலன்ஸ்.
சைரனைக் கழற்றி விற்றோம்.
ஆக்சிஜன் சிலிண்டர் நின்ற மூலையில் அடுப்பு,
ஸ்ட்ரெச்சர் ஓடிய தண்டவாளத்தின்மேல் கட்டில்,
அடியில் ஸ்டெப்னி தொங்கிய இடத்தில் தண்ணீர்த் தொட்டி.
தொட்டியை முடுக்கிவிட்டுக் கையைத் துடைக்கும்போதுதான்
இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம்
தரையில் கிடந்த ஸ்டெப்னியை.

மூன்று மாதம் அது எங்களோடு படுத்தது.
தரங்கம்பாடியில், கோடியக்கரையில்,
எனக்கும் தைரியநாதனுக்கும் நடுவில்
ரப்பர் வாடையோடு ஒரு மூன்றாம் ஆள்.
புரண்டால் முழங்கையில் இடிக்கும்.
சண்டை போட்ட நாட்களில்
அது வசதியாகத்தான் இருந்தது,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பின்கதவிலேயே மாட்டினோம்.
ஒரு தகடு, நான்கு போல்ட், அரைநாள் வேலை.
நோணாங்குப்பம் பாலம் தாண்டுவதற்குள்
கீல் தொங்கிவிட்டது.
வாயை மூட முடியாத கதவு
தவளக்குப்பம் வரைக்கும்
உளறிக்கொண்டே வந்தது.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில்
கலியவரதன் குனிந்து பார்த்தான்.
"கதவு என்னங்க பண்ணும், பாவம்.
சேஸ்ல புடிக்கணும்."
அவ்வளவுதான் பேசினான் அன்றைக்கு.

சீட் கவர் தைக்கிறவள் நான்.
துணிக்கு அளவெடுக்கும் டேப்பால்
பம்பரை அளந்தேன்.
பிரிட்ஜ் வந்த அட்டையை
ஆள் உயரத்துக்கு வெட்டி,
சேஃப்டி பின் குத்தி, ஆட்டிப் பார்த்தேன்.
தையலுக்கு ஓரம் விட்டதுபோல்
வெல்டிங்குக்கும் இரண்டு மில்லி விட்டிருந்தேன்.
கலியவரதன் சிரித்தான்.
ஆனால் அட்டையைத் தூக்கி எறியவில்லை.

இரண்டங்குலச் சதுரக் குழாய்.
காயலான் கடையிலிருந்து ஓர் ஆட்டோவின் ஹப்,
பேரிங் இன்னும் வழவழப்பாக.
எத்தனை சவாரி உருண்டதோ,
நிமிர்த்தி வைத்துப் பற்றவைத்தான்.
இனி அதற்குக் கால் வட்டம் போதும்,
ஒரு கேட் திறக்கிற அளவு.
பூட்டுவதற்குக் கொண்டி தேடினோம்.
வண்டிக்குள்ளேயே இருந்தது:
வளைவுகளில் ஸ்ட்ரெச்சர் நகராமல்
யார் யாரையோ பிடித்து வைத்திருந்த கொண்டி.
சொல்லாமல் கழற்றிக் கொடுத்தார் தைரியநாதன்.

ரெட் ஆக்சைடு இரண்டு கை.
உப்புக்காற்றுக்கு மூன்றாவது.
மாட்டி முடித்து நான்கடி தள்ளி நின்றால்
நம்பர் பலகையைக் காணோம்.
சக்கரம் மறைத்துக்கொண்டு நின்றது.
மறுபடி துளை, மறுபடி ஒயர்,
பலகைக்கு ஒரு விளக்கு, மறுபடி டீ.

ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் இருட்டத் தொடங்கியிருந்தது.
புதுச்சேரி வண்டி என்றால் தெரியுமே.
பெண் போலீஸ் லத்தியால் டயரை
இரண்டு தட்டுத் தட்டினாள்.
"உள்ள என்ன?"
"காத்து."
அவள் சிரிக்கவில்லை.
வால்வு மூடியைத் திருகி ஊசியை அழுத்தி
மூக்கைக் கொண்டுபோனாள். ஸ்ஸ்ஸ்.
காற்றேதான்.
"கதவத் திறங்க."
கொண்டியைத் தட்டிவிட்டு
ஒற்றை விரலால் தள்ளினேன்.
இருபத்தாறு கிலோ
சத்தமில்லாமல் விலகி நின்றது.
அவள் உள்ளே பார்க்கவில்லை.
விரலால் தள்ளி மூடினாள்.
திறந்தாள்.
இன்னொரு முறை மூடினாள்.
"இது கடையில கிடைக்குதா?"
"இல்லீங்க. செஞ்சது."
"ம்," என்றாள். "போங்க."

தாழங்குடாவில் கடலுக்கு முதுகு காட்டி
வண்டியை நிறுத்தினோம்.
படுக்கை இப்போது அகலம்.
இருந்தும் பழக்கதோஷத்தில்
ஆளுக்கொரு விளிம்பில் தொங்கினோம்.
நடுவில், மெத்தையில்,
டயர் கிடந்த வட்டத்துக்கு ஒரு பள்ளம்.
முதலில் அதில் உருண்டு விழுந்தது
நான்தான் என்கிறார் அவர்.
வழக்கு நிலுவையில் இருக்கிறது.

நடுராத்திரி பின்பக்கம்
டிக், டிக் என்று ஏதோ.
கொண்டியா, காற்றா,
சைக்கிள் டியூப் வெட்டிவைத்த துண்டு நழுவியதா.
"பாக்கட்டுமா?" என்றார்.
"காலைல."