தழும்பின் திகதி

ஈசிஜி தாளை மேசையில் விரித்து
டொக்டர் நிஸாமுதீன் கேட்டார்:
"அட்டாக் வந்தது எப்ப?"
இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்,
நான்தான் வீட்டுக் கலண்டர் என்பதுபோல.

வரவேயில்லை என்றோம்.
வந்திருக்கு, பழைய தழும்பு, என்றார்.
பதினெட்டு வருஷச் சீனி
நரம்புகளின் நுனியைத் தின்றிருக்கிறது.
நெஞ்சு கத்தித்தான் இருக்கும்,
சத்தம் வெளியே வர வழியில்லை.

முதலாம் குறுக்குத் தெருவில்
முப்பது வருஷம் வயர் விற்றவர். விடுவாரா?
"வயர் அறுந்தா பல்ப் எரியாது டொக்டர்.
இது எரியுதே."
"எரியுது ஐயா. கூட்டிக் குறைக்கிற சுவிட்ச்தான் இல்லை.
படுத்திருந்தாலும் நூற்றி நாலு,
படி ஏறினாலும் கிட்டத்தட்ட அதே."

ஆழமாய் மூச்சிழுக்கச் சொன்னார், ஒரு நிமிஷத்தில் ஆறு தரம்.
மூச்சோடு சேர்ந்து துடிப்பும் அசையவேணுமாம்.
தாளில் கோடுகள்
மருதானை ஸ்டேஷன் கம்பிவேலி மாதிரி
இடைவெளி மாறாமல் நின்றன.

காலி வீதி பஸ்ஸில்
ஜன்னல் ஓரமாய் இவர் கச்சான் கொறிக்க
நான் அந்த நாளைத் தேடினேன்.

லிஃப்ட் பழுதான கிழமை,
காஸ் சிலிண்டரோடு மூன்றாம் மாடிப் படியில்
சேர்ட் பிழிய இருந்தாரே, அதுவா?
"வெக்கை" என்றார்.
ஒரு சிலிண்டருக்கு இந்தப் பாடா என்று
நான் பேசினேன்.
துளசிகாவைக் கனடாவுக்கு ஏற்றிவிட்ட இரவு
கட்டுநாயக்காவில் சத்தி எடுத்தாரே, அதுவா?
மீன் ரோல்ஸில் பழியைப் போட்டோம்.
இல்லை,
எனக்கு நினைவேயில்லாத ஏதோவொரு செவ்வாய்க்கிழமையா?
பக்கத்தில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க
இவருடைய இதயத்தில் ஒரு துண்டு
செத்துப்போன நாள்.

இப்போது விடியப்புறம் எழும்பினால்
கட்டில் விளிம்பில் கொஞ்சம் இருக்கவேணும்.
சட்டென்று நின்றால் இரத்தம் காலுக்கு இறங்கிவிடுமாம்.
எண்ணச் சொன்னால் எண்ணமாட்டார்.
அதனால், பாணந்துறைப் பக்கமிருந்து வரும் முதல் ரயில்
கடலோரமாய்க் கடந்து முடியும்வரை
தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நோகுதா என்று கேட்பதை விட்டாயிற்று.
அந்தக் கேள்விக்கு இனி அந்த உடம்பில் பதில் இல்லை.
வியர்க்குதா என்று கேட்கிறேன்,
ஒரு நாளைக்குப் பத்துத் தரம்.

"விசரே உமக்கு," என்கிறார், முகத்தைத் துடைத்தபடி,
"கொழும்பில் ஆருக்கு வியர்க்காது?"